ஒரே விதை, மூன்று வயல்: குளிர்ப்பகுதிப் பண்ணை ஒன்றில் ரை பயிர் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

குளிர்காலம் நீண்ட, டிசம்பர் முதல் மார்ச் வரை நிலம் பனியில் கிடக்கும் பகுதியில் உள்ள பண்ணை இது. அண்ணன் தம்பி இருவர் நடத்துகிறார்கள்; கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் நல்ல அனுபவம் உள்ளவர்கள். கோதுமையைப் போன்ற குளிர்காலத் தானியமான ரை அவர்களுக்குப் புதிது. இலையுதிர்காலத்துக்குப் பிறகு மண் வெறுமையாகக் கிடந்து, பனி உருகும்போது மேல்மண் அடித்துப்போவதைத் தடுக்க வேண்டும் என்பது முதல் நோக்கம். மாவு ஆலை ஒன்று ரை வாங்கத் தயாராக இருந்ததால், ஒரு வயலில் தானியத்துக்கும் விளைவிக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

ரையைத் தேர்ந்தெடுத்ததில் தவறே இல்லை. குளிர்காலத் தானியங்களில் இவ்வளவு குளிர் தாங்குவது வேறில்லை. மண் வெப்பம் 1 முதல் 3 டிகிரி இருந்தாலே முளைக்கும். கோதுமை விதைக்க முடியாத அளவுக்கு நாள் தள்ளிப்போனாலும் ரை பிழைத்துக்கொள்ளும். மணற்பாங்கான, சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணிலும் ஓடிவிடும். இந்தப் பெயரே பிறகு சிக்கலுக்கு வழிவிட்டது. "எதையும் தாங்கும் பயிர்" என்று கேள்விப்பட்டதால், கோதுமைக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதிகூட விதைப்பின்போது கொடுக்கப்படவில்லை.

மூன்று வயல்களின் திட்டம் இப்படி இருந்தது. முதல் வயல் 4 ஹெக்டேர், 200 மீட்டருக்கு 200 மீட்டர், மணல் கலந்த வண்டல், முன்பயிர் பட்டாணி, தானியத்துக்கு. இரண்டாவது 5 ஹெக்டேர், தாழ்வான களிமண் கலந்த நிலம். வசந்தத்தில் ரையை அழித்துவிட்டு மக்காச்சோளம். மூன்றாவது 3 ஹெக்டேர்; ரை பூக்கும் வேளையில் உருளையால் மடக்கிப் படுக்கவைத்து, அதற்குள்ளேயே சோயா.

விதைப்பு

செப்டம்பர் 20-ஐ ஒட்டி முதல் வயலும் மூன்றாவது வயலும் விதைக்கப்பட்டன. இரண்டாவது, முன்பயிர் அறுவடை தாமதமானதால், அக்டோபர் முதல் வாரத்தில். விதை ஆழம் எல்லா இடத்திலும் 3 செ.மீ. இது சரி. ரையைக் கோதுமை அளவுக்கு ஆழமாகப் போட்டால் முளை வெளியே வருவதற்குள் களைத்துவிடும், தூர் கட்டுவதும், அதாவது அடியிலிருந்து பக்கத்தண்டுகள் விடுவதும், குறையும்.

இரண்டாவது, மூன்றாவது வயல்களுக்குப் புது விதை வாங்கப்பட்டது. முதல் வயலுக்கு, பக்கத்துப் பண்ணையிலிருந்து கிடைத்த, இரண்டு ஆண்டு களஞ்சியத்தில் இருந்த விதை. பார்க்க நன்றாக இருந்தது, பூச்சி இல்லை, ஈரவாடை இல்லை. முளைப்புச் சோதனை செய்யவில்லை. மற்ற தானியங்களோடு ஒப்பிட்டால் ரை விதை சேமிப்பில் சீக்கிரம் உயிர்ப்பை இழக்கும். கோதுமை விதையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியாது.

விதைக்கும் கருவியில் கோதுமை அட்டவணைப்படி ஹெக்டேருக்கு 96 கிலோ என்று திறப்பு வைத்தார்கள். இந்த 96 வந்த கணக்கு சரியானதுதான். சதுர மீட்டருக்கு 250 செடி வேண்டும், ஆயிரம் மணி எடை 30 கிராம், முளைப்பு 92 சதவீதம், வயலில் எழுவது அதில் 85 சதவீதம் என்று வைத்தால்:

250 × 30 ÷ 100 = 75 கிலோ; அதை 0.92 × 0.85 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 96 கிலோ.

ஆனால் அட்டவணை கோதுமைக்குப் போடப்பட்டது. ரை மணி மெலிந்து நீண்டது. அதே கொள்ளளவுக்கு எடை குறைவு. பிற்பாடு கருவியின் அடியில் தட்டு வைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தபோது, அதே திறப்பில் ஹெக்டேருக்கு 88 கிலோதான் விழுந்தது. மிச்சமிருந்த விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்ததில் முளைப்பு 68 சதவீதம். இரண்டும் சேர்ந்தால், சதுர மீட்டருக்கு விழுந்த 293 மணியில் எழுந்திருக்க வேண்டியது சுமார் 170. நவம்பர் தொடக்கத்தில் அளவுச் சட்டகம் வைத்து அதற்குள் செடிகளை எண்ணியபோது கிடைத்த சராசரி 165. அந்த விதைக்கு உண்மையில் 130 கிலோ போட்டிருக்க வேண்டும்.

பனிக்கு முன்னும் பனிக்குப் பின்னும்

குளிர்காலம் எந்தச் சேதமும் செய்யவில்லை. பனிப்பூசணம் தாழ்வான ஓரத்தில் சில திட்டுகளில் மட்டும் தெரிந்தது. இலை மடமடவென்று வளர்ந்து, உறையாத நிலத்தின்மேல் பனி நீண்ட நாள் கிடந்தால்தான் அது பெருகும். இங்கே நிலம் முதலில் உறைந்து, பிறகே பனி விழுந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் பச்சை திரும்பியது. முதல் வயல் மெலிந்து தெரிந்தது; வரிகளுக்கு நடுவே மண் தெரிந்தது. வயலோரங்களில், கருவி திரும்பும் இடங்களில், ஒரு முழ நீளத்துக்குச் செடியே இல்லாத இடைவெளிகள்.

இங்கே எடுத்த முடிவு முக்கியமானது. செடி குறைவு, ஆகவே தூர் அதிகம் வேண்டும் என்று பச்சை திரும்பியவுடனே தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிலோ முழுவதையும் ஒரே தவணையில் கொடுத்தார்கள். கோதுமையில் இது பலமுறை கைகொடுத்த வழி. ரையிலும் தூர் வந்தது. ஆனால் ரை தன் நல்ல தூர்களை இலையுதிர்காலத்திலேயே கட்டி முடித்துவிடும். வசந்தத்தில் உரத்தால் வரும் தூர்கள் பிந்தியவை. மே இறுதியில் பார்த்தபோது, ஒரே செடியில் ஒரு தண்டு கதிர் வெளித்தள்ளியிருக்க, பக்கத்துத் தண்டின் கதிர் இன்னும் பொதியில், அதாவது இலையுறைக்குள், இருந்தது. கோதுமையில் இந்த ஏற்றத்தாழ்வு அறுவடையில் சில பச்சை மணிகளோடு போய்விடும். ரையில் விளைவு வேறு.

இரண்டாவது வயல்: மக்காச்சோளத்துக்கு முன்

முடிவு செய்திருந்தபடி, ரை ஒரு சாண் உயரம், அதாவது 20 முதல் 25 செ.மீ. இருக்கும்போது, ஏப்ரல் கடைசி வாரத்தில் களைக்கொல்லி அடித்து, இரண்டு வாரம் விட்டு மக்காச்சோளம் விதைக்க வேண்டும். இந்த இரண்டு வார இடைவெளிக்குக் காரணம் உண்டு. சாகும் ரை வேர்களில் பெருகும் வேரழுகல் பூசணங்கள், அருகில் முளைக்கும் மக்காச்சோள நாற்றுக்குத் தாவும். 10 முதல் 14 நாள் விட்டால் அந்த வேகம் தணிந்துவிடும்.

ஏப்ரல் கடைசியில் மழை பிடித்தது. தாழ்வான களிமண், டிராக்டர் இறங்கினால் சக்கரத் தடம் கோடை முழுவதும் நிற்கும். காத்திருந்தது சரியான முடிவு. ரை மட்டும் காத்திருக்கவில்லை. மே 14-ல் வயலில் இறங்க முடிந்தபோது அது முக்கால் மீட்டர் உயரத்தில் பொதிப் பருவத்தில் நின்றது. அன்றே கிளைபோசேட் களைக்கொல்லி அடித்து, 4 நாள் கழித்து, மே 18-ல் மக்காச்சோளம் விதைத்தார்கள். பருவம் தள்ளிப்போகிறது என்ற அச்சமே காரணம். உரத் திட்டத்தை மாற்றவில்லை: தழைச்சத்து அனைத்தும் ஆறிலைப் பருவத்தில் என்றே இருந்தது.

எழுச்சியில் இரண்டு குறைகள் தெரிந்தன. முதலாவது, இடைவெளிகள். விதை விழுந்த கீறலைக் கத்தியால் திறந்து 20 விதைகளைத் தேடிப் பார்த்தார்கள். 6 விதைகள் மண்ணைத் தொடாமல், கீறலுக்குள் மடிந்து திணிக்கப்பட்டிருந்த ரைத் தாளின்மேல் உட்கார்ந்திருந்தன. சில ஊதிப் பருத்து அப்படியே காய்ந்திருந்தன, இரண்டில் முளை பழுப்பேறி அழுகியிருந்தது. நான்கு நாளில் தாள் வாடித் தொய்ந்திருந்ததே தவிர, மொறுமொறுப்பாக உலரவில்லை. விதைப்பானின் வெட்டுத்தட்டு அதை அறுக்காமல் மடித்து உள்ளே தள்ளிவிட்டது. ஒன்று, ரை முழுப் பச்சையாக விறைத்து நிற்க வேண்டும். அல்லது முழுதாகக் காய்ந்து முறிய வேண்டும். இரண்டுங்கெட்டான் நிலையில்தான் இந்தத் திணிப்பு மிக மோசம்.

இரண்டாவது, மஞ்சள். மூன்றிலை, நான்கிலைப் பருவத்தில் வயல் முழுவதும் வெளிறியது. இலையுதிர்கால விதைப்பில் கருவி விட்டுவிட்ட ஒரு பட்டை மட்டும், ரையே இல்லாத இடம், கரும்பச்சையாக நின்றது. நோயா, குளிரா என்ற விவாதத்தை அந்தப் பட்டை முடித்துவைத்தது. இளம் ரையில் கரிமம்–தழைச்சத்து விகிதம் 26-க்கு 1 அளவில் இருக்கும். பூக்கும்போது 37 அளவுக்கும், முற்றிய வைக்கோலில் 80-ஐத் தாண்டியும் ஏறும். 25-ஐத் தாண்டத் தாண்ட, தாளை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பொதியில் நின்ற ரையை அழித்துவிட்டு, ஆறிலை வரை உரம் எதுவும் இல்லை என்றால் நாற்று பட்டினிதான்.

மறுவிதைப்பு வேண்டுமா என்ற கேள்வி வந்தது. எதிர்பார்த்தது சதுர மீட்டருக்கு 7.5 செடி; இருந்தது சராசரி 6.1. ஜூன் தொடங்கிவிட்ட நிலையில், மறுவிதைப்பால் இழக்கும் நாட்கள் செடிக் குறைவை விட அதிக நட்டம் என்று ஆலோசகர் சொன்னார், விட்டார்கள். உரத்தை மட்டும் உடனே நான்கிலையிலேயே, ஹெக்டேருக்கு தழைச்சத்து 45 கிலோ, வரிக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இறக்கினார்கள். யூரியாவைத் தாள்மேல் தூவியிருந்தால் ஒரு பகுதி ஆவியாகவும், இன்னொரு பகுதி அதே நுண்ணுயிர்களின் வாய்க்கும் போயிருக்கும். பத்து நாளில் நிறம் திரும்பியது. அறுவடையில் ரை இருந்த பகுதி, ரை இல்லாத பட்டையை விட ஏறத்தாழ 9 சதவீதம் குறைவாகத் தந்தது. ஒரு பட்டையை வைத்து இதற்கு மேல் எதுவும் சொல்வதற்கில்லை. அடுத்த மழைகளில் மண் அரிப்பு இல்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது வயல்: சோயா

இங்கே பெரும்பாலும் திட்டப்படியே நடந்தது. சோயா தன் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்பதால் முற்றிய ரையின் பட்டினி அதைத் தொடவில்லை. ரை வெளிவிடும், சிறு விதைகளின் முளைப்பைத் தடுக்கும் பொருள்களும் சோயா போன்ற பெரிய விதையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

ஜூன் 6-ல், பெரும்பாலான கதிர்களில் மகரந்தப் பைகள் தொங்கிய பிறகு உருளை ஓட்டப்பட்டது. அதற்கு முன் ஓட்டினால் தண்டு மறுபடி எழுந்துவிடும். உருளையின் தகடு தண்டை அறுக்கக் கூடாது. 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் நசுக்கி மட்டும் விட வேண்டும். கால் சதுர மீட்டர் சட்டத்தில் வெட்டி உலர்த்தி எடைபோட்டதில் நடுப்பகுதியில் 205 கிராம், அதாவது ஹெக்டேருக்கு 8.2 டன், ஓரங்களில் 130 கிராம், 5.2 டன். களையை அடக்க 8 டன் அளவுக்குத் தாள் வேண்டும் என்பது இந்த முறையின் அனுபவ எல்லை. நடுவில் களை எடுக்க வேண்டியிருக்கவில்லை, ஓரங்களில் இரண்டு முறை எடுத்தார்கள். மேல்மண்ணை ரை உறிஞ்சி உலர்த்தியிருந்ததால், சோயா விதைப்பை மழை வரும்வரை 5 நாள் தள்ளினார்கள். அது பலித்தது.

முதல் வயல்: பூப்பும் தேன் ஒழுகலும்

ரை தன் மகரந்தத்தால் தானே சூல் கொள்ளாது. காற்று கொண்டுவரும் அயல் மகரந்தம் வேண்டும். அது கிடைக்கும்வரை பூ திறந்தே இருக்கும். எர்காட் என்ற தேன் ஒழுகல் நோயின் வித்துகள் நுழைவது அந்தத் திறந்த வாசல் வழியாகத்தான். வயல் முழுவதும் ஒரே வாரத்தில் பூத்து முடித்தால் மகரந்தம் மேகமாக எழும், பூக்கள் சீக்கிரம் மூடும், நோய்க்கு இடம் குறைவு.

இந்த வயலில் முதல் தண்டுகள் ஜூன் 4-ஐ ஒட்டிப் பூத்தன. அப்போது வெயில். பிந்திய தூர்கள் ஜூன் 14-க்குப் பிறகு பூத்தன. அப்போது 12 முதல் 15 டிகிரி, தூறல். முதல் தண்டுகளின் மகரந்தம் தீர்ந்துவிட்டது, தூறலில் பறக்கவும் இல்லை. பிந்திய பூக்கள் நாள் கணக்கில் திறந்து கிடந்தன. வரப்போரப் புற்கள் வெட்டப்படாமல் முன்பே பூத்து நோயைச் சுமந்திருந்தன.

ஜூன் கடைசியில், வயலோரக் கதிர்களில் பழுப்பு மஞ்சளாகப் பிசுபிசுப்பான துளிகள்; கையில் ஒட்டின, ஈக்கள் மொய்த்தன. மூன்று வாரத்தில் அதே உமிகளுக்கு நடுவிலிருந்து கருநீல முடிச்சுகள் கொம்பு மாதிரி வெளியே நீட்டின. சில மணியைப் போல் மூன்று மடங்கு நீளம். குறுக்காக உடைத்தால் உள்ளே சாம்பல் கலந்த வெள்ளை. பக்கத்திலேயே மணி பிடிக்காத வெற்று உமிகள். பூசணக்கொல்லி அடிக்கலாமா என்று தம்பி கேட்டார். துளி தெரிந்த பிறகு அடிப்பதில் பயனில்லை. முன்கூட்டி அடித்தாலும் நம்பகமான பலன் கிடையாது.

முடிச்சுகளில் உள்ள ஆல்கலாய்டுகள் மனிதருக்கும் கால்நடைக்கும் நஞ்சு. இரத்தக் குழாய்களைச் சுருக்கும். சினைமாடுகளுக்கும் பால் கறவைக்கும் குறிப்பாக ஆபத்து. ஆலையின் எல்லை கிலோவுக்கு 0.5 கிராம்.

அறுவடைக்கு முன் எடுத்த முடிவு

ஆலோசகர் முதலில் செய்யச் சொன்னது, இயந்திரத்தை இறக்குவதற்கு முன் மாதிரி எடுப்பது. ஓரத்திலும் நடுவிலும் பல இடங்களில் கதிர் ஒடித்து, கையால் கசக்கி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கிலோ மணி சேர்த்து, வெள்ளைத்தாளில் கொட்டி முடிச்சுகளைப் பொறுக்கி எடை போட்டார்கள். எர்காட் திட்டுத்திட்டாகவே வரும். ஒரே இடத்தில் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்ப்பதில் பொருளில்லை. ஓரத்தில் கிலோவுக்கு 4 கிராம், நடுவில் 0.3 கிராம்.

அறுவடை இயந்திரத்தின் வெட்டு அகலம் 6 மீட்டர். வயலைச் சுற்றி ஒரு சுற்று வெட்டினால் 0.47 ஹெக்டேர், மொத்தத்தில் 12 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் கிலோவுக்கு 0.73 கிராம் வரும். ஆலை முழுச் சரக்கையும் திருப்பும். ஓரச் சுற்றைத் தனியாக எடுத்தால் மிச்சம் 88 சதவீதம் எல்லைக்குள். முடிவு எளிதாக இருந்தது. எளிதாக்கியது அந்த ஒரு மாலை வேலை.

ஓரச் சுற்றை முதலில் வெட்டி, தனி வண்டியில் கொட்டி, இயந்திரத் தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டு உள்ளே போனார்கள். நடுவில் உரமிட்ட வண்டியின் சக்கரத் தடங்களை ஒட்டியும் பிந்திய தூர் இருந்தது. அதைப் பிரிக்க முடியவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்தில் வெட்டி, 13-க்கு உலர்த்தினார்கள். ரை மணிக்கு உறக்கம் குறைவு. முற்றிய பின் மழையில் நின்றால் கதிரிலேயே முளைக்கும், மாவு ரொட்டிக்கு ஆகாது. வயலில் முழுதாகக் காயட்டும் என்று காத்திருப்பது ரையில் சூதாட்டம்.

நடுப்பகுதிச் சரக்கு அடர்த்திப் பிரிப்பான் மேசையில் ஓடிய பிறகு ஆலை ஏற்றுக்கொண்டது. ஓரச் சரக்கைத் தீவனமாக்க அண்ணன் நினைத்தார். 4 கிராம் அளவில் அது கூடாது என்பதால் ஆழப் புதைக்கப்பட்டது.

மாற்றியவையும் மாற்ற இருப்பவையும்

வயலோரம் 12 மீட்டர் அகலத்துக்கு 20 செ.மீ. ஆழம் உழுது புரட்டப்பட்டது. 5 செ.மீ.க்குக் கீழே போன முடிச்சு முளைத்தாலும் அதன் காளான் மேலே வராது. பெரும்பாலானவை ஓராண்டுக்குள் உயிரிழக்கும். அடுத்த ஆண்டு அங்கே தானியம் இல்லை, புல்வகை இல்லாத பயிர். அந்த ஓராண்டு முடிவதற்குள் இன்னொரு முறை ஆழ உழுதால் புதைத்தது மேலே வந்துவிடும், ஆகவே அடுத்த வேலை மேலோட்டமாக மட்டும்.

வரப்புப் புல்லை இனி பூக்கும் முன் வெட்டுவார்கள். விதைக்கு முளைப்புச் சோதனையும், கருவிக்குத் தட்டுச் சோதனையும் விதைப்புக்கு முந்தைய வாரமே. ஓரங்களில் விதைக்கும்போது திரும்புமிடத்தை முதலில் அல்ல, கடைசியில் விதைப்பது. அப்போதுதான் சக்கரம் மிதித்த இடைவெளிகள் குறையும். செடி மெலிந்து வந்தாலும் வசந்தத் தழைச்சத்தை இரண்டாகப் பிரித்து, பெரும்பங்கைத் தண்டு நீளத் தொடங்கிய பிறகு கொடுப்பது என்று பேசியிருக்கிறார்கள். அது பிந்திய தூரைத் தூண்டாது. சொந்த விதை வைப்பதானால் 20 சதவீத உப்புக் கரைசலில் போட்டு, மிதக்கும் முடிச்சுகளை வடித்து, உடனே நல்ல நீரில் கழுவி உலர்த்த வேண்டும். கழுவாமல் விட்டால் உப்பே முளைப்பைக் கெடுக்கும்.

மக்காச்சோள வயலில் இனி ரை விதையளவு ஹெக்டேருக்கு 50 முதல் 60 கிலோ மட்டும்; அரிப்பைத் தடுக்க அது போதும், வசந்தத்தில் தாள் மலையாகாது. மழையால் அழிப்பு தாமதமானால் இரண்டு வழி: 10 நாளாவது காத்திருப்பது, அல்லது பச்சை ரை விறைத்து நிற்கும்போதே விதைத்துவிட்டு மறுநாள் மருந்தடிப்பது. பின்னதில் வேரழுகல் ஆபத்து கூடும். நீர் தேங்கும் இந்த நிலத்துக்கு முதல் வழியே நல்லது. எதுவானாலும் விதைப்போடு தழைச்சத்து 40 கிலோ வரிக்குப் பக்கத்தில்.

சோயா வயலில் உருளைக்குத் தப்பிய ஓரத் தண்டுகள் மணி பிடித்து உதிர்த்துவிட்டன. அங்கே அடுத்து குளிர்காலக் கோதுமை என்று திட்டம் இருந்தது. கோதுமைக்குள் எழும் ரையைப் பிரிக்கப் பெரும்பாலும் மருந்து இல்லை, இரண்டும் ஒரே காலத்தில் முற்றும். திட்டத்தை மாற்றி, வசந்தத்தில் விதைக்கும் ஓட்ஸ் என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் முளைத்துவரும் ரையை இலையுதிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் மேலோட்டமாகக் கிளறி அழிக்க நாள் குறித்தாகிவிட்டது.